பேரலிலிருந்து பாக்கெட் வரை: கள்ளக்குறிச்சி விஷச்சாராயம், ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 2023 மே மாதத்தில், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்தின் சித்தாமூர் பகுதியிலுமாக 20க்கும் மேற்பட்டோர் இதே வகையில் இறந்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் கொன்ற பொருள் ஒன்றுதான்: ஆலைகளுக்கென்று தயாராகும் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். மரக்காணம் சம்பவத்தின்போதே, இது காய்ச்சிய சாராயம் இல்லை, ஆலையிலிருந்து வந்த மெத்தனால் என்று காவல்துறைத் தலைமை இயக்குநர் வெளிப்படையாகவே அறிக்கை கொடுத்தார். அடுத்த 13 மாதங்களில் அதே பொருள் கருணாபுரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே, விற்றவர் யார் என்பதைவிட அந்தப் பேரல் எந்த வழியாக, யார் கண்ணில் படாமல் வந்தது என்பதுதான் இந்த வழக்கில் பெரிய கேள்வி.

ஊறல் ஒரு தொழில், மெத்தனால் வேறொரு தொழில்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. அங்கே வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் போட்டு ஊறல் வைத்து, புளித்த பிறகு காய்ச்சி வடிப்பது தலைமுறை தலைமுறையாக நடக்கும் சட்டவிரோதத் தொழில். லாரி டியூபில் அடைத்து இரவோடு இரவாக அடிவாரத்துக்கு இறக்குவார்கள். பல நாள் புளிக்க வேண்டும், ஓடைத் தண்ணீர் வேண்டும், விறகு வேண்டும். புகையும் வாடையும் காட்டிக்கொடுத்துவிடும். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு மலையேறிப் போனால் ஊறலைக் கண்டுபிடித்துக் கீழே கொட்டுவது பெரும்பாலும் கைகூடிவிடும்.

இந்தக் காய்ச்சும் சாராயத்தில் மெத்தனால் எவ்வளவு இருக்கும்? மிக மிகக் குறைவு. புளிக்கும்போது மெத்தனால் பிறப்பது பழத்தோல், பழச்சதை போன்றவற்றிலுள்ள பெக்டின் என்ற பொருளிலிருந்துதான். வெல்லத்தில் அது பெயருக்குத்தான் இருக்கும். ‘முதல் வடிப்பைக் கொட்டாமல் விட்டதால் விஷமாகிவிட்டது’ என்ற விளக்கம் ஒவ்வொரு சம்பவத்தின்போதும் கிளம்புகிறது. அது பொருந்தாது. ஊறல் சாராயத்தால் வேறு கேடுகள் உண்டு. போதை ஏற நவச்சாரமும் மாத்திரைகளும் கலப்பார்கள். ஈயப் பற்றுவைத்த பாத்திரங்களிலிருந்து ஈயம் இறங்கும். குடலும் ஈரலும் கெடும். இவையெல்லாம் ஆளை மெதுவாகத் தின்பவை. ஒரே இரவில், ஒரே தெருவில், பல வீடுகளில் பாடை கட்ட வேண்டி வந்தால், அங்கே யாரோ மெத்தனாலை ஊற்றியிருக்கிறார்கள்.

ஊற்றுவதற்குக் காரணம் பணமும் வசதியும். முன்பெல்லாம் இந்த இடத்தில் எரிசாராயம் இருந்தது. அது வழக்கமான மதுவில் இருக்கும் எத்தனால்தான், தண்ணீர் சேர்த்து விற்றாலும் இப்படிக் கொத்தாக ஆளைக் கொல்லாது. ஆனால் ஆயத்தீர்வை, லாரி எஸ்கார்ட், சோதனைச் சாவடி என்று அதன்மேல் பல கண்கள் இருக்கின்றன. மெத்தனால் பெயின்ட், பிசின், மருந்து, ரசாயன ஆலைகளின் அன்றாட மூலப்பொருள். விலையும் மிகக் குறைவு. நெருப்பும் வேண்டாம், புகையும் வராது, ஒரு வீட்டுக் கொல்லையே போதும். மலையில் ரெய்டு நடந்து சரக்கு வரத்து குறைந்த வாரங்களில், கையில் வாடிக்கை மட்டும் வைத்திருக்கும் நகர வியாபாரிக்கு இது பெரிய ஆசை காட்டும். ரெய்டு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஊறலைக் கொட்டுகிற அதே வாரத்தில் மெத்தனால் கிடங்கையும் எண்ணிப் பார்க்காவிட்டால், காலியான இடத்தை எது நிரப்பும் என்பதை யோசிக்க வேண்டும்.

இதில் இன்னொரு மோசடியும் உண்டு. மேலே இருக்கிற தரகர் மெத்தனாலை ‘ஸ்பிரிட்’ என்றே சொல்லிக் கொடுப்பார். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் கேட்காமல் இருக்கலாம். நீதிமன்றத்தில் இந்த இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

விற்பவரின் ‘டெஸ்ட்’ ஏன் தோற்கிறது

சில்லறை வியாபாரிகளுக்கென்று சில சோதனைகள் இருக்கின்றன. கொஞ்சம் ஊற்றிப் பற்ற வைப்பது, உள்ளங்கையில் தேய்த்து முகர்வது, நாக்கில் வைத்துப் பார்ப்பது, கொஞ்சம் விவரமானவர் என்றால் மிதவைமானி போட்டு ‘டிகிரி’ பார்ப்பது. நான்குமே இங்கே பயனற்றவை. மெத்தனாலும் எத்தனாலும் இரண்டுமே நீலச் சுடரில் எரியும். வாசனையும் காரமும் கிட்டத்தட்ட ஒன்று. மிதவைமானி காட்டுவது அடர்த்தியை மட்டும்: எத்தனாலின் அடர்த்தி ஒரு மி.லி.க்கு 0.789 கிராம், மெத்தனாலுடையது 0.792. இந்த இடைவெளியை அந்தக் கருவியால் பிரித்துக் காட்ட முடியாது. ஆக, ‘நல்ல ஸ்ட்ராங் சரக்கு’ என்று மிதவைமானி சான்றிதழ் கொடுத்துவிடும்.

பிரித்துக் காட்டக்கூடியது ரசாயனப் பரிசோதனை. மாதிரியிலுள்ள மெத்தனாலைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் ஃபார்மால்டிஹைடாக மாற்றி, குரோமோட்ரோபிக் அமிலத்தோடு சேர்த்தால் ஊதா நிறம் வரும். அளவை உறுதியாகச் சொல்ல, கலவையின் கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகைக் கருவி வேண்டும்.

அடுத்தது கலக்கும் விதம். மெத்தனால் தண்ணீரோடு முழுமையாகக் கலக்கும். ஆனால் தானாகக் கலந்துவிடாது. தண்ணீரைவிட லேசானது என்பதால், சரியாகக் கிளறாமல் மேலே ஊற்றினால் மேல்பகுதியில் அடர்த்தியாக நிற்கும். அந்தப் பேரலிலிருந்து முகந்து கட்டும் பாக்கெட்டுகளில் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் விஷத்தின் அளவு மாறும். ‘நானும்தான் குடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் பக்கத்து வீட்டுக்காரர் குடிப்பதன் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

பாக்கெட்டையும் பார்க்க வேண்டும். தண்ணீர் பாக்கெட் போன்ற பிளாஸ்டிக் கவர். வாய் முடிச்சு போட்டிருக்கும் அல்லது சூடு வைத்து ஒட்டியிருக்கும். லேபிள் இல்லை, தொகுதி எண் இல்லை, தேதி இல்லை. டாஸ்மாக்கில் சாதாரண ரக குவார்ட்டர் 140 ரூபாய் அளவில் விற்றபோது, இது அதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைத்தது. டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு விடிகாலையில் கைக்கு எட்டியது இந்த பாக்கெட்தான். விலை, நேரம், கடன் ஆகிய மூன்றாலும் ஒரு சந்தை நிலைத்து நின்றது. அது காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அருகிலேயே நின்றது என்பது பின்னால் வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது.

(சந்துக்கடையில் டாஸ்மாக் பாட்டிலைக் கூடுதல் விலைக்கு விற்பது, பாட்டிலில் தண்ணீர் கலப்பது, காலி பாட்டிலில் போலிச் சரக்கு நிரப்பி மூடி போடுவது எல்லாம் தனிக் குற்றங்கள். அவற்றில் பாட்டிலும் ஹோலோகிராமும் மிஞ்சுவதால் ஏதோ ஒரு தடயம் கிடைக்கும். பாக்கெட்டில் அதுவும் இல்லை.)

முதல் 24 மணி நேரம்

மெத்தனால் நேரடியாகக் கொல்வதில்லை. ஈரலில் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும். அது உடனே ஃபார்மிக் அமிலமாகும். இந்த அமிலம் செல்களுக்குள் ஆக்சிஜன் பயன்பாட்டை முடக்குகிறது. ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் பார்வை நரம்பும் மூளையின் ஆழ்பகுதியும் முதலில் அடிபடும். மாற்றம் நடந்து அமிலம் சேர 12 முதல் 24 மணி நேரம்வரை ஆகலாம். கூடவே எத்தனாலும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும், காரணம் அந்த நொதி முதலில் எத்தனாலைத்தான் எடுத்துக்கொள்ளும். இரவு குடித்தவர் சாதாரணப் போதையில் தூங்குவார். மறுநாள் வயிற்றுவலி, வாந்தி, தலைசுற்றல் வரும். வீட்டில் ‘நேற்றுக் குடித்தது ஒத்துக்கொள்ளவில்லை’ என்பார்கள். பிறகு கண்முன் பனி மூடியதுபோல வெளுக்கும். வேகமாக, ஆழமாக மூச்சு வாங்கும். அப்போது ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது.

இந்தத் தாமதம்தான் கருணாபுரத்தில் எண்ணிக்கையைப் பெருக்கியது. ஜூன் 19 காலையில் முதல் சாவுகள் வந்தபோது, சாராயம்தான் காரணம் என்பதை மாவட்ட நிர்வாகம் ஏற்கவில்லை. வயிற்றுப்போக்கு, வலிப்பு, வயது என்று வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தச் சில மணி நேரத்தில் மீதியிருந்த பாக்கெட்டுகள் தெருவிலேயே இருந்தன. குடித்துவிட்டு அறிகுறி இல்லாமல் இருந்தவர்களும் வீட்டிலேயே இருந்தார்கள். சந்தேகம் எழுந்த நிமிடமே ஒலிபெருக்கியில் ‘குடித்தவர்கள் நல்லாயிருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், வழக்கு வராது’ என்று அறிவிப்பதுதான் இதில் மிக மலிவான, மிகப் பலன் தரும் நடவடிக்கை. ஆய்வக அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டிய விஷயமில்லை இது. ஒரே இடத்தில் குடித்த இரண்டு பேருக்குப் பார்வை மங்கினாலே போதும்.

அன்று மாலைக்குள் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிரம்பி, நோயாளிகள் புதுச்சேரி ஜிப்மருக்கும் சேலம், விழுப்புரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணத்துக்கு அனுப்புவதற்கு முன்பு என்ன கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே பலரின் கதை முடிவாகும். சிகிச்சையின் வரிசை இது: ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சரிசெய்ய சோடியம் பைகார்பனேட், நொதியைத் தடுக்க ஃபோமெபிசோல், முதல் டோஸ் உடல் எடைக் கிலோவுக்கு 15 மி.கி., பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மி.கி.; அது இல்லையென்றால் 100 மி.லி. ரத்தத்தில் 100 முதல் 150 மி.கி. அளவு நிற்கும்படி மருத்துவத் தர எத்தனால். ஃபார்மிக் அமிலத்திலிருந்து வரும் ஃபார்மேட்டை உடல் வேகமாக வெளியேற்ற ஃபோலினிக் அமிலம். ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.15 அல்லது அதற்குக் கீழே போனால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால், பார்வை புதிதாகக் கெட்டால் இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸைத் தாமதிக்கக்கூடாது. நொதியை மட்டும் தடுத்துவிட்டு டயாலிசிஸ் செய்யாவிட்டால், மெத்தனால் பாதியாகக் குறையவே இரண்டு நாள்போல ஆகும்.

நடைமுறையில் சிக்கல் டயாலிசிஸ் இயந்திரங்களின் எண்ணிக்கை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வரும்போது ஒரு மாவட்ட மருத்துவமனையில் அத்தனை இருக்காது. யாருக்கு முதலில் என்று முடிவெடுக்க வேண்டிவரும். அதற்கு ஒரே நல்ல வழிகாட்டி, ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் ரத்த வாயுப் பரிசோதனை. அந்தக் கருவி வார்டில் ஓடாவிட்டால் மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதாகத்தான் ஆகும்.

தடயம் கரைகிற வேகம்

இந்த வகை வழக்குகள் நீதிமன்றத்தில் பலவீனமாவது பெரும்பாலும் முதல் இரண்டு நாள் வேலையில்தான். முதலில் இறந்தவர்கள் சந்தேகம் வருவதற்குள் தகனமாகிவிடுகிறார்கள். பாக்கெட் கவர்கள் சாக்கடைக்குப் போய்விடும். சேகரித்த மாதிரியைப் பிளாஸ்டிக் கவரோடு முத்திரையிட்டு அனுப்பினால், ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் ஒரு பகுதி ஆவியாகும், மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிப்பது. கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி, இறுக்கமாக மூடி, குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். பிரேதப் பரிசோதனையில் தொடைச் சிரை ரத்தத்தை சோடியம் ஃபுளோரைடு போட்ட குப்பியில் எடுப்பதும், கண்ணுக்குள் இருக்கும் திரவத்தை எடுப்பதும் அவசியம். மெத்தனாலோடு ஃபார்மேட் அளவையும் கேட்க வேண்டும். தாமதமாக இறந்தவரின் ரத்தத்தில் மெத்தனால் கிட்டத்தட்டத் தீர்ந்து, ஃபார்மேட் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். மெத்தனாலை மட்டும் தேடிய அறிக்கை ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பேரலைப் பின்தொடர்வது இன்னும் கடினம். கள்ளக்குறிச்சியில் விசாரணை சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, புதுச்சேரித் தரகர், ஆலை என்று பின்னோக்கிப் போனது. ஒரு 200 லிட்டர் பேரலில் இருப்பது சுமார் 158 கிலோ மெத்தனால். கிலோ 30, 40 ரூபாய் என்று வைத்தாலும் வரிக்கு முன் ஒரு பேரல் சுமார் 4,700 முதல் 6,300 ரூபாய்தான். தமிழ்நாட்டுக்குள் நடக்கும் சரக்குப் போக்குவரத்தில் இ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) கட்டாயமாவது 1 லட்சம் ரூபாய்க்கு மேல். சரக்கு வேனில் பத்துப் பேரல் ஏற்றினாலும் அந்த வரம்பைத் தொடாது. மறுபக்கம், 30 மி.லி. சுத்த மெத்தனால் ஒரு மனிதரைக் கொல்லப் போதுமானது என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன, 10 மி.லி.யே பார்வையைப் பறிக்கலாம். ஒரு பேரலில் அப்படி 6,600க்கும் மேற்பட்ட உயிர்க்கொல்லி அளவுகள் இருக்கின்றன. பண மதிப்பை வைத்துச் சரக்கைக் கவனிக்கும் எந்த முறையும் இந்தப் பொருளைத் தவறவிட்டே தீரும்.

அதற்காகவே தனி விதிகள் இருக்கின்றன. மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் கொண்டுசெல்லவும் உரிமமும் பெர்மிட்டும் கேட்கும் தமிழ்நாடு விதிகள் 1959ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. டினேச்சர்டு ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த ஸ்பிரிட்), மெத்தில் ஆல்கஹால் (மெத்தனாலின் மறுபெயர்), வார்னிஷ் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுப்படுத்துபவை. மரச்சாமானுக்குப் பூசும் பிரெஞ்ச் பாலிஷைக் குடித்துச் செத்தவர்களின் காலத்துச் சட்டம் அது. காகிதத்தில் ஓட்டை குறைவு. ஓட்டை இருப்பது பதிவேட்டில் எழுதிய அளவுக்கும் கிடங்கில் நிற்கும் பேரலுக்கும் நடுவில். ஆலை தன் உற்பத்திக்கு எவ்வளவு மெத்தனால் செலவாகும் என்பதைச் சற்றே கூட்டிக் காட்டினால் மாதம் ஒன்றிரண்டு பேரல் கணக்கில் வராமல் மிஞ்சும். இயங்காத நிறுவனத்தின் பெயரில் பில் போட்டால் இன்னும் சுலபம். உற்பத்தியான பொருளின் அளவோடு மெத்தனால் செலவைப் பொருத்திப் பார்க்கத் தெரிந்த ரசாயனப் பொறியாளர் ஒருவர் ஆய்வுக்குழுவில் இல்லாவிட்டால் இது அகப்படாது. காவலர்களை மட்டும் அனுப்பி இந்த வேலையை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

வழக்கும் சட்டமும்

ஜூன் 19 அன்றே ஆட்சியர் மாற்றப்பட்டார், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார், விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. ஜூன் 29இல் சட்டமன்றம் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது: சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனைவரை, அபராதம் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல். கூட்டிய தண்டனை பின்னோக்கிப் பாயாது என்பது அரசமைப்பின் 20(1) பிரிவு. எனவே கருணாபுரம் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அது பொருந்தாது. பாரதிய நியாய சன்ஹிதாவும் ஜூலை 1இல்தான் அமலுக்கு வந்தது. ஆகவே இந்த வழக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழேயே நடக்க வேண்டியது.

2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. நகரின் நடுவில் இவ்வளவு காலம் விற்பனை நடந்தது உள்ளூர்க் காவல்துறைக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியுமா என்ற கேள்வி அந்த வாதங்களின் மையத்தில் இருந்தது. மாநில அரசின் மேல்முறையீட்டை டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று வந்த இன்னொரு தீர்ப்பு அவ்வளவு பேசப்படவில்லை. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், தொழிற்சாலை ஆல்கஹாலையும் ‘போதை தரும் மது’ என்ற வகைக்குள் வைத்து முறைப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னது. தொழிற்சாலைச் சரக்கு திசைமாறி மனிதர் வாய்க்குப் போவதைத் தடுப்பது மாநிலத்தின் வேலைதான் என்பதே அதன் சாரம். அதிகார வரம்பு யாருடையது என்ற பழைய சாக்கு இனி எடுபடாது. மெத்தனால் வாங்கும் ஒவ்வொரு உரிமதாரரின் கொள்முதல் பில், மாதாந்திரச் செலவுக் கணக்கு, மின் கட்டண ரசீது மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க மாவட்ட உதவி ஆணையர் (ஆயம்) அலுவலகத்துக்கு ஒரு வாரம் போதும். மின்சாரம் ஓடாத ஆலையில் மெத்தனால் மட்டும் செலவாகிக்கொண்டிருந்தால், அங்கேதான் முதல் பேரலை எண்ணத் தொடங்க வேண்டும்.